வாயிலைத் தாண்டாத பணம்

என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாமாண்டு இளங்கலை படிக்கிறாள். பருவம் முடிய இன்னும் பத்து நாள்களே இருந்தன. மகளின் மாணவர் அட்டையில், உணவுக் கணக்கில் 240 டாலர் எஞ்சியிருந்தது. நம் கணக்கில் ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய். சைவ உணவு உண்ணும் அவளுக்கு வளாக உணவகங்களில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய மளிகைக் கடை. அங்கே அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் கிடைக்கும். ஆனால், அந்தக் கடையில் அந்த அட்டை செல்லாது. பருவம் முடிந்ததும் மிச்சமிருக்கும் தொகை காலாவதியாகிவிடும். "சார், அது நான் கட்டிய பணம்தானே? சாலையைத் தாண்டினால் அது எப்படிப் பணம் இல்லாமல் போகும்?" என்று கேட்டார்.

பணம் என்றால் என்ன என்பதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் விளக்கியவன் நான். இருந்தும் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் பெரும்பாலோர் முதுநிலை மாணவர்கள் என்பதால், விடுதி உணவுத் திட்டத்தின் கட்டுப்பாடு இளங்கலை மாணவர்களையே பெரிதும் தொடும். எனினும், அந்தச் செலவின் ஒரு பகுதி நம் ஊர் வங்கிகளின் கல்விக் கடனிலிருந்து போகிறது. அது மட்டுமல்ல, நுழைவு, நூலகம், உணவகம், கட்டணம் அனைத்துக்கும் ஒரே அட்டை என்ற ஏற்பாடு நம் நாட்டுத் தனியார் பல்கலைக்கழக வளாகங்களிலும் பரவி வருகிறது. எனவே, வாயிலில் வந்து நின்றுவிடும் பணத்தைப் பற்றி நாமும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே அட்டை, இரண்டு பைகள்

அமெரிக்க வளாக அட்டை முதலில் வெறும் அடையாள அட்டையாகத்தான் இருந்தது. பின்னர் காந்தப் பட்டை வந்தது. அதே அட்டை விடுதிக் கதவைத் திறந்தது, நூலகத்தில் புத்தகம் பெற்றுத் தந்தது, உணவகத்தில் சாப்பாட்டைக் கணக்கு வைத்தது. சலவை இயந்திரத்துக்கும் நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் சில்லறை தேட வேண்டியிருக்கவில்லை. 2018 அக்டோபரில் டியூக், அலபாமா, ஓக்லஹோமா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் அட்டையே கைப்பேசிக்குள் குடிபுகுந்தது.

இந்த அட்டையில் உள்ள பணம் வங்கிப் பணம் அன்று. பெற்றோர் செலுத்தும் தொகை பல்கலைக்கழகத்தின் கணக்கேட்டில் மாணவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. மாணவர் அட்டையைத் தேய்க்கும்போது அந்த ஏட்டில் ஒரு வரி கழிகிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் உணவகத்துக்கு இது போதும். வெளியே இருக்கும் கடையிலும் அட்டை செல்ல வேண்டுமானால், அந்தக் கடைக்காரர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வளாக அமைப்போடு இணைந்த கருவியை வைக்க வேண்டும். விற்ற தொகையில் ஒரு கழிவைக் கொடுத்துவிட்டு, மீதியைக் குறித்த தவணையில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பணம் வெளியே செல்லலாமா என்பதில் பல்கலைக்கழகங்கள் ஒருமித்து நடப்பதில்லை. வட கரோலினாவின் டர்ஹம் நகரில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில், நகரத்து உணவகங்கள் சில வளாகத்துக்குக் கொண்டுவந்து தரும் உணவுக்கு மாணவர்கள் தங்கள் உணவுப் புள்ளிகளையே செலுத்தலாம். டஸ்கலூசா நகரில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்திலோ ஒரே அட்டைக்குள் இரண்டு பைகள் இருக்கின்றன. 'பாமா கேஷ்' என்ற பை நகரத்துக் கடைகள் பலவற்றில் செல்லும். பெற்றோர் விரும்பினால் அதில் பணம் போடலாம். 'டைனிங் டாலர்ஸ்' என்ற பை வளாகத்துக்குள் மட்டுமே செல்லும். அதற்கான தொகை பருவக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கப்பட்டது. விருப்பப் பணம் வாயிலைத் தாண்டுகிறது. கட்டாயப் பணம் தாண்டுவதில்லை. தொழில்நுட்பம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே, மளிகைக் கடையில் அட்டை செல்லாததற்குக் காரணம் கருவி அன்று. அது ஒரு முடிவு.

அந்த முடிவை மாணவர்கள் எதிர்க்காமல் இல்லை. அலபாமா மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் வசூலிக்கப்பட்ட கட்டாய உணவுக் கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். வளாக உணவகங்களை நடத்தும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு ஏகபோகம் தரப்படுகிறது என்பது அவர்களின் வாதம். வழக்கு தள்ளுபடியானது, அதை 2011இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அரசின் அங்கமாகிய பல்கலைக்கழகங்களுக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு அவற்றைக் காத்தது. அந்தக் கட்டணம் பொருளாதார அடிப்படையில் நியாயமானதுதானா என்ற கேள்விக்கு இத்தீர்ப்பு விடையாகாது.

கடைக்காரரின் கணக்கு

வளாகத்தின் எல்லா அட்டைப் பணமும் எல்லாக் கடைகளிலும் செல்லட்டும் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இங்கேதான் கவனம் வேண்டும்.

அமெரிக்காவில் வங்கிப் பற்று அட்டைக்கு வணிகரிடம் பெறப்படும் பரிமாற்றக் கட்டணத்துக்கு 2011 அக்டோபர் முதல் சட்டப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. பெரிய வங்கிகளின் அட்டையானால், ஒரு பரிவர்த்தனைக்கு 21 சென்ட். அதோடு தொகையில் 0.05 விழுக்காடு. அந்த வரம்பு வங்கி அட்டைகளுக்கே உரியது. பல்கலைக்கழகத்தின் கணக்கேட்டுக்குள் நகரும் பணத்துக்கு அது பொருந்தாது. அங்கே கழிவு எவ்வளவு என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. ஒப்பந்தமோ பெரும்பாலும் பொதுவெளிக்கு வருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கழிவு பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வளாகத்தின் எதிரே சிறு உணவகம் நடத்துபவர் பத்து டாலருக்கு ஒரு சாப்பாடு விற்கிறார். பொருள், கூலி, வாடகை, மின்சாரம், வரி எல்லாம் போக அவர் கையில் ஒரு டாலர் நிற்கிறது. அட்டையில் விற்றால் அந்த ஒரு டாலர் கழிவாகப் போய்விடும். அவர் அட்டையை மறுக்கலாம். ஆனால், பக்கத்துக் கடை ஏற்றுக்கொண்டால் மாணவர் கூட்டம் அங்கே போய்விடும். எனவே, அவரும் ஏற்றுக்கொள்கிறார். பிறகு சாப்பாட்டின் விலையைக் கொஞ்சம் ஏற்றுகிறார்.

விலை ஏறும்போது அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் ஏறுவதில்லை. அந்த உணவகத்தில் சாப்பிடும் கட்டடத் தொழிலாளிக்கும் ஏறுகிறது. பேருந்து ஓட்டுநருக்கும் ஏறுகிறது. ரொக்கம் கொடுப்பவர் தமக்குத் தொடர்பே இல்லாத ஓர் ஏற்பாட்டின் செலவில் பங்கு ஏற்கிறார். ஒரு கட்டணத்தை யார் செலுத்துகிறார் என்பது வேறு, யார் சுமக்கிறார் என்பது வேறு என்று பொருளாதார மாணவர்களுக்கு முதலாண்டிலேயே சொல்லித் தருகிறோம். வளாக அட்டையின் கழிவைக் கடைக்காரர் செலுத்துகிறார். அதைச் சுமப்பது தெரு முழுவதும்.

இந்தக் கழிவைக் குறைக்கும் போட்டி ஏதேனும் உண்டா? அமெரிக்க வளாக அட்டைச் சந்தையில் நெடுங்காலமாக இரண்டு நிறுவனங்கள் முன்னணியில் இருந்தன. ஒன்று, 1975இல் நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா நகரில் தொடங்கிய சிபோர்டு. மற்றொன்று, பிளாக்போர்டு நிறுவனத்தின் பிரிவாக வளர்ந்து பின்னர் தனித்துச் சென்ற டிரான்சாக்ட். சிபோர்டை முன்னரே வைத்திருந்த ரோப்பர் நிறுவனம் 2024இல் டிரான்சாக்டையும் வாங்கிவிட்டது. போட்டியாளர்களாக இருந்த இருவருக்கும் இன்று உரிமையாளர் ஒருவரே. ஒரு பல்கலைக்கழகம் ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கதவுகளையும் உணவகங்களையும் அதோடு இணைத்துவிட்டால், எளிதில் மாற்றிக்கொள்ளவும் முடியாது. இப்படி அடைபட்ட சந்தையில் விலை தானாகக் குறையும் என்று எதிர்பார்ப்பது மூட நம்பிக்கை.

டீக்கடை நோட்டுப் புத்தகம்

நாங்கள் கல்லூரியில் படித்த எழுபதுகளின் இறுதியில் மாணவர் அட்டை என்பது நூலக அட்டை மட்டுமே. ஆனால், வளாகத்துக்கு வெளியே மாணவருக்குக் 'கணக்கு' இருந்தது. கல்லூரி வாசலில் இருந்த டீக்கடையில் நீளமான நோட்டு ஒன்று நூலில் கட்டித் தொங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். டீ, வடை, சிகரெட் என்று குடித்ததும் தின்றதும் அதில் ஏறும். ஊரிலிருந்து மணியார்டர் வந்த அன்று கணக்கு நேராகும். வரத் தாமதமானால் கடைக்காரர் முகம் சுளிப்பார். ஆனாலும் டீ வரும்.

அந்த நோட்டையும் இன்றைய அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அன்று கடைக்காரர் மாணவருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தார். இன்று மாணவர் பல்கலைக்கழகத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறார். பருவத் தொடக்கத்திலேயே மொத்தத் தொகையும் செலுத்தப்படுகிறது. சாப்பாடு நான்கு மாதங்களில் சிறுகச் சிறுகக் கிடைக்கிறது. இடைப்பட்ட காலத்துக்கான வட்டி மாணவருடையதன்று. கல்விக் கடனில் அந்தத் தொகையைக் கட்டிய குடும்பத்துக்கோ வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது.

காலாவதி விதி இருக்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். வாங்கியவர் பயன்படுத்தாமல் விட்ட தொகை விற்றவருக்கு முழு இலாபமாகிறது. ஏனெனில், அதற்காக அவர் அரிசி வேகவைக்கவில்லை, தட்டு கழுவவில்லை. பருவத்தின் கடைசி வாரத்தில் வளாகக் கடைகளில் மாணவர்கள் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்குவதை அமெரிக்காவில் படித்த எவரும் சொல்வார்கள். அது பேராசையால் அன்று. வீணாவதைவிட ஏதேனும் வாங்குவோம் என்ற தவிப்பால். பத்து டாலர் கொடுத்து, தனக்கு மூன்று டாலர்கூடப் பெறாத பொருளை ஒருவர் வாங்க நேர்ந்தால், எஞ்சிய ஏழு டாலர் மதிப்பு யாருக்கும் பயன்படாமல் அழிந்துவிடுகிறது.

இது புதிய பாடமும் அன்று. தொழிற்சாலை முதலாளிகள் கூலியைத் தங்கள் கடையில் மட்டும் செல்லும் வில்லைகளாகவும் பொருள்களாகவும் கொடுத்த வழக்கத்தைப் பிரிட்டன் 1831ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றித் தடுத்தது. கூலியைச் செலாவணியில் உள்ள நாணயமாகவோ நோட்டாகவோதான் தர வேண்டும் என்று நம் நாட்டில் 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் விதித்தது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்க ஊர்களின் நிறுவனக் கடைகளும் வில்லைகளும் தொழிலாளர் வரலாற்றில் கசப்பான அத்தியாயம். அலபாமா மாநிலத்துச் சுரங்கங்களும் அதற்கு விலக்கல்ல. மாணவர் தொழிலாளி அல்லர். உணவுத் திட்டம் கூலியும் அன்று. இருப்பினும், அந்தச் சட்டங்கள் கண்டுகொண்ட உண்மை ஒன்றுதான்: எங்கும் செல்லும் பணத்தை வாங்கிக்கொண்டு, ஓரிடத்தில் மட்டும் செல்லும் பணத்தைக் கொடுத்தால், கொடுத்தவரிடம் பேரம் பேசும் வலிமை போய்ச் சேருகிறது.

மறுதரப்பின் வாதம்

பல்கலைக்கழகங்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. விடுதி உணவகம் என்பது சமையலறை, ஊழியர், குளிர்பதனக் கிடங்கு என்று பெருஞ்செலவை முன்கூட்டியே கேட்கும் அமைப்பு. எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் அதை நடத்த முடியும். பணம் முழுவதும் வெளியே போய்விட்டால் உணவகம் மூடப்படும்; வெளியே சாப்பிட வசதியில்லாத மாணவரே அதனால் முதலில் பாதிக்கப்படுவார். நள்ளிரவில் பசிக்கும் மாணவருக்கு வளாகத்துக்குள் ஓர் இடம் வேண்டும். மகன் காசை மதுவிலும் புகையிலும் கரைத்துவிடுவானோ என்று அஞ்சும் பெற்றோருக்கும் கட்டுப்பாடுள்ள அட்டை ஓர் ஆறுதல். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது பாதுகாப்பும்கூட.

இவையெல்லாம் உண்மை. ஆனால், நிலைச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் அதை நிலைச் செலவு என்றே பெயரிட்டு வசூலிக்கலாம். 'உணவகப் பராமரிப்புக் கட்டணம் இவ்வளவு' என்று தனியாகச் சொல்லிவிட்டு, மீதித் தொகையை மாணவரின் விருப்பத்துக்கு விடலாம். மின்வாரியமும் தொலைபேசி நிறுவனமும் காலங்காலமாகச் செய்துவருவது இதுதான்; நிலைக் கட்டணம் ஒன்று, பயன்பாட்டுக் கட்டணம் ஒன்று. அப்படிச் செய்தால் உணவகத்தை நடத்த உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்துவிடும். அந்த வெளிச்சத்தைத் தவிர்க்கத்தான் இரண்டையும் கலந்து 'உங்கள் பணம்' என்று அட்டையில் காட்டுகிறார்களோ என்ற ஐயம் எழுகிறது.

அடையாளமும் பணமும் ஒரே அட்டையில் கலப்பதன் ஆபத்தை அமெரிக்கா வேறொரு வழியிலும் கண்டது. கல்வி உதவித்தொகையின் மிச்சத்தை மாணவர்களுக்கு அட்டை வழியாக வழங்கும் பணியைப் பல கல்லூரிகள் ஹையர் ஒன் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தன. கட்டணங்களைப் பற்றி மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2015 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கியும் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகமும் அந்த நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தன. முறையே 2.4 கோடி டாலரையும் 3.1 கோடி டாலரையும் மாணவர்களுக்குத் திருப்பித் தர உத்தரவிட்டன. ஒரு குறிப்பிட்ட கணக்கைத் தொடங்குமாறு மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கல்வித் துறை வகுத்த விதிகளின் பெரும்பகுதி 2016 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. கல்லூரியின் சின்னம் பொறித்த அட்டை என்றால் மாணவர் கேள்வி கேட்காமல் நம்புகிறார். அந்த நம்பிக்கையே வணிகப் பொருளாகிவிடக் கூடாது.

நம் நாட்டில் நிலைமை

இந்தியாவில் வளாக வாயில் என்பது வெறும் இரும்புக் கதவு அன்று. அது ஒரு சட்ட எல்லையும்கூட. 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு அமைப்புகள் சட்டத்தின் கீழ், பிறர் கடைகளிலும் செல்லும் முன்பண அட்டைகளை வெளியிட ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். வெளியிடுபவரின் சொந்தப் பொருள்களையும் சேவைகளையும் வாங்க மட்டுமே பயன்படும் 'மூடிய' வகை அட்டைக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆகவே, ஒரு கல்வி நிறுவனம் தன் சொந்த உணவகத்துக்கும் எழுதுபொருள் கடைக்கும் மட்டும் அட்டை வெளியிட்டால் ரிசர்வ் வங்கி குறுக்கிடாது. எதிரே உள்ள டீக்கடையிலும் அது செல்லும் என்றால் விதிகள் வந்துவிடும்.

அந்த விதிகள் மாணவருக்குச் சாதகமானவை என்பதே கவனிக்க வேண்டியது. 2021 ஆகஸ்டில் வெளியான ரிசர்வ் வங்கியின் வழிகாட்டு நெறிகளின்படி, அனுமதி பெற்ற முன்பண அட்டையின் பணம் கடைசியாக நிரப்பிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். காலாவதியாகும் முன் 45 நாள்களுக்குள் எச்சரிக்கை தர வேண்டும். வங்கியல்லாத நிறுவனங்கள் வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில் பாதுகாக்க வேண்டும். மூடிய அட்டைக்கு இந்தக் காப்பு எதுவும் இல்லை. வாயிலுக்குள் இருக்கும் வரை மாணவரின் பணம் நிறுவனத்தின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பி இருக்கிறது.

மூடிய அட்டை என்பது ஒரு கடை தன் வாடிக்கையாளருக்குத் தரும் பரிசுச் சீட்டு போன்றது. வேண்டாமென்றால் அவர் வாங்காமல் இருக்கலாம் என்ற எண்ணத்தில்தான் அதற்கு விலக்கு அளிப்பது நியாயமாகிறது. விடுதியில் தங்கும் மாணவருக்கு அந்த விருப்பம் இல்லை. கட்டணத்தோடு சேர்த்துப் பணத்தை வாங்கிக்கொண்டு, அதை அட்டையில் ஏற்றி, உள்ளே மட்டும் செலவிடச் சொன்னால் அது பரிசுச் சீட்டு ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் இந்த வேலிக்குத் தொழில்நுட்பக் காரணமே இல்லை. கல்வி நிறுவனங்கள் ரொக்கமில்லாப் பரிவர்த்தனைக்கு மாற வேண்டும் என்று 2016 டிசம்பரில் மத்திய அரசு இயக்கமே நடத்தியது. யுபிஐ வழியாகக் கடைக்குச் செலுத்தும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கழிவு பெறப்படுவதில்லை. கல்லூரி வாசலில் இளநீர் விற்பவரும் ஒட்டிய கியூஆர் குறியீட்டால் நான்கு ரூபாய் மிச்சம் மீதியின்றிப் பெற்றுக்கொள்கிறார். இலவசம் என்பதும் யாரோ ஒருவர் கொடுப்பதுதான். சிறு வணிகர்களின் யுபிஐ பரிவர்த்தனைக்காக 2024-25 நிதியாண்டுக்கு மட்டும் 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. வரி செலுத்துவோர் செலவில் நாடெங்கும் திறந்த பாதை போட்டிருக்கும்போது, வளாகத்துக்குள் மட்டும் தனிச் சுங்கச்சாவடி எதற்கு?

இதில் மறைவான இன்னொரு விலையும் உண்டு. ஒரே அட்டையில் வகுப்பு வருகை, விடுதிக்குத் திரும்பிய நேரம், நூலகம், உணவு, கடைத்தெருச் செலவு எல்லாம் பதிவானால், பதினேழு வயதுப் பிள்ளையின் அன்றாட வாழ்க்கை முழுவதும் ஓர் ஏட்டில் வந்துவிடும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. முதலாமாண்டு மாணவர்களில் பலர் அந்த வயதை எட்டாதவர்கள். அவர்கள் எந்தக் கடையில் என்ன வாங்கினார்கள் என்ற விவரம் விடுதிக் காப்பாளரின் மேசைக்கு வருவதை எந்தப் பெற்றோரும் கட்டுப்பாடு என்று தவறாக எண்ணிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

அட்டையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. அடையாளத்துக்கும் கதவுக்கும் நூலகத்துக்கும் அது நல்ல கருவி. அதில் பணமும் இருக்கலாம், சில நிபந்தனைகளோடு.

முதலாவதாக, அட்டையில் ஏற்றிய தொகை மாணவரின் சொத்து என்பதைச் சேர்க்கை விதிகளிலேயே எழுத வேண்டும். பருவ முடிவில் மிச்சம் அடுத்த பருவத்துக்குச் செல்ல வேண்டும். படிப்பு முடிந்தால், இடையில் விட்டாலும், வங்கிக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவதாக, உணவகத்தின் நிலைச் செலவைத் தனிக் கட்டணமாகக் காட்ட வேண்டும். மூன்றாவதாக, வெளிக் கடைகளை இணைக்கும் நிறுவனங்கள் வாங்கும் கழிவை இணையதளத்தில் வெளியிட வேண்டும்; நிபந்தனைகளுக்கு உட்படும் எந்தக் கடையும், தள்ளுவண்டிக்காரர் உட்பட, சேர முடிய வேண்டும். நான்காவதாக, மாணவர்களிடம் கட்டாயமாக வசூலித்த பணம் ஏற்றப்படும் மூடிய அட்டைகளுக்கு, அனுமதி பெற்ற அட்டைகளுக்குரிய காலக்கெடு, எச்சரிக்கை, தனிக் கணக்கு ஆகிய பாதுகாப்புகளை ரிசர்வ் வங்கி நீட்டிக்க வேண்டும். இந்த நான்கில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோரும் ஒன்று செய்யலாம். உணவுத் திட்டத்தைத் தேர்வு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத்தில் விடை பெற வேண்டும்: எஞ்சும் தொகை என்னவாகும்? எந்தக் கடைகளில் செல்லும்? திட்டத்தைப் பாதியில் குறைத்துக்கொள்ள முடியுமா? முதல் பருவத்துக்கு, அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த திட்டமே போதும். போதவில்லை என்றால் பிறகு கூட்டிக்கொள்ளப் பெரும்பாலும் வழி இருக்கும். குறைப்பதுதான் கடினம்.

என் மாணவரிடம் மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மகள் அந்தப் பத்து நாள்களில் என்ன செய்தாள் என்று கேட்டேன். 240 டாலரில் பெரும்பகுதிக்குத் தண்ணீர் பாட்டிலும் சாக்லேட்டும் வாங்கி, அறைத் தோழிகளுக்குக் கொடுத்தாளாம். அரிசியும் பருப்பும் எதிர்க்கடையில்தான் வாங்கினாள்; தன் கைச்செலவுக்கு அப்பா தனியே அனுப்பிய பணத்தில்.